பனிநிலைக்குக் கீழே

எங்கள் தமிழாசிரியருக்கு 2005ஆம் ஆண்டின் இறுதியில் பார்வை முற்றாக அகன்றது. கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் பல ஆண்டுகளாக ஓரங்களிலிருந்து தின்றுகொண்டே வந்து, நடுவில் எஞ்சியிருந்த சிறு வட்டத்தையும் அந்த மழைக்காலத்தில் விழுங்கிவிட்டது. அவரிடம் படித்தவர்கள் நாங்கள் மூவர். ஒருவர் வங்கிப் பணியாளர், ஒருவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கருவிப் பிரிவின் மேற்பார்வையாளர், மற்றவர் அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்துப் பிழைப்பவர். இக்கட்டுரையை மூவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஆகவே இதில் வரும் ‘நாங்கள்’ என்பதை அடக்கத்தின் பாவனையாக எவரும் கொள்ள வேண்டாம். பழி மூவருக்கும் பொது என்பதே காரணம்.

ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குச் சென்று ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டுவது வழக்கமாயிற்று. சிறுகதைகளுக்கு அது போதும். ஆனால் ஐயா கேட்டது ஒரு நாவலை. பெரிய நாவல், நாற்பது அத்தியாயங்கள், மின்சாரம் எட்டிப்பார்த்திராத காலத்துக் கிராமம் ஒன்றில் நடப்பது. இளமையில் ஒரே மூச்சில் படித்ததாகவும், இன்னும் ஒருமுறை அந்த ஊருக்குள் போய்வர வேண்டும் என்றும் சொன்னார். வாரம் ஒரு மணி நேரம் என்று போனால் ஓராண்டைத் தாண்டும். ஒலிப்பதிவு செய்து குறுந்தட்டில் கொடுத்துவிட்டால் அவர் விரும்பியபோது கேட்கலாமே என்று எங்களுக்குத் தோன்றியது. எங்களில் வங்கிப் பணியாளருக்கு நல்ல குரல். கல்லூரி நாட்களில் நாடகம் போட்டவர். ழகரமும் ளகரமும் அவர் வாயில் தனித்தனியே நிற்கும். அவரே வாசிப்பது என்று முடிவாயிற்று. இடம், திருவல்லிக்கேணியில் எங்களில் ஒருவர் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடி அறை. ஒற்றை அறை. கணினியும் ஒலிவாங்கியும் வாசிப்பவரும் அதற்குள்தான் அடங்கியாக வேண்டும்.

முதல் நான்கு அத்தியாயங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அடுத்த ஞாயிறு ஐயா சிரித்துக்கொண்டே கேட்டார்.

“ஏம்ப்பா, இந்தக் கதை நடக்குற ஊருக்குக் கரண்டே வரலியே. அப்புறம் யார் வீட்டு ஃபேன் பின்னால ஓடுது?”

கணினியின் விசிறி அது. நாங்கள் பலமுறை கேட்டும் எங்கள் காதில் விழாதது. கண் போனவரின் செவி கூர்மையாகிவிடும் என்று பொதுவாகச் சொல்வதில் எங்களுக்கு முழு நம்பிக்கை இல்லை. அவர் கவனம் சிதறாமல் கேட்டார், நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவே. இரைச்சலை நீக்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தோம். விசிறியின் ஓசையும் தமிழின் சகரமும் ஏறக்குறைய ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்றை விரட்டினால் மற்றதும் கூடவே போய்விடுகிறது. வாசிப்பவரின் ‘பசி’யும் ‘ஓசை’யும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆயின. ஒரு தமிழாசிரியருக்கு அதை அனுப்பத் துணிவு வரவில்லை.

*

விசிறியை ஒழிக்க வேண்டுமானால் வெப்பத்தை வேறு வழியில் வெளியேற்ற வேண்டும். அக்காலத்துச் செயலிகள் பேராசைக்காரர்கள். நூறு வாட் மின்சாரத்தைச் சர்வசாதாரணமாகக் குடித்து, குடித்தது முழுவதையும் நகத்தளவு சில்லிலிருந்து வெப்பமாகக் கக்குவார்கள். காற்றைவிட நீர் வெப்பத்தை வெகு நன்றாக ஏந்திச் செல்லும். எனவே செயலியின்மேல் உள்ளீடற்ற செப்புக்கட்டி ஒன்றைப் பொருத்தி, அதனுள் நீரை ஓட்டி, அந்த நீரைக் குழாய் வழியாக ஒரு ரேடியேட்டருக்கு அனுப்பி ஆற்றி, திரும்பவும் கட்டிக்குக் கொண்டுவருவது. மோட்டார் வண்டியின் எஞ்சினில் நடப்பதுதான். அயல்நாடுகளில் இதற்கென்று ஆயத்தச் சாதனங்கள் விற்றார்கள். எங்கள் சட்டைப்பை அவற்றின் பக்கம் திரும்பவில்லை.

2006இல் இதைச் செய்து முடித்தோம். ரேடியேட்டர், புதுப்பேட்டையில் பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய ஹீட்டர் கோர். பம்ப், கொளத்தூர் வண்ணமீன் கடையில் வாங்கியது, தொட்டியில் மூழ்கியபடி முனகாமல் உழைப்பது. செப்புக்கட்டியை எங்கள் மேற்பார்வையாளர் தம் நண்பரின் லேத் பட்டறையில் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து குடைந்தெடுத்தார். நீர், மின்கலத்துக்கு ஊற்றும் வடிநீர். ரேடியேட்டருக்கு மட்டும் இரண்டு பெரிய விசிறிகள். பன்னிரண்டு வோல்ட்டில் ஓட வேண்டியவற்றை ஏழு வோல்ட்டில் ஓட்டினோம். காதை ஒட்டி வைத்தால்தான் ஓடுவது தெரியும்.

அந்த முதல் இரவின் அமைதி மறக்கக்கூடியதன்று. அறையில் ஒரு சுவர்க்கடிகாரம் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. அதைக் கழற்றி வெளியே வைத்தோம். பிறகு தொலைவில் கடலின் ஒலி இருப்பது தெரிந்தது. அதைக் கழற்ற முடியாது, விட்டுவிட்டோம். ஐயா கேட்டுவிட்டு, “இப்பத்தான் ஊருக்குள்ள வந்து எறங்கியிருக்கோம்” என்றார்.

இந்த இடத்தில் நாங்கள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவிடாமல் செய்தவை இரண்டு. ஒன்று வெயில். மற்றது, 2007 ஏப்ரலில் வாசிப்பவரின் கழுத்தில் தெரிந்த ஒரு வீக்கம். தைராய்டு சுரப்பியில் கட்டி, அறுவை செய்து அகற்றியே ஆக வேண்டும் என்றார் மருத்துவர். ஜூன் இறுதிக்கு நாள் குறித்தார்கள். குரல்நாணுக்குச் செல்லும் நரம்பு அந்தச் சுரப்பியை உரசிக்கொண்டு ஓடுகிறது. கத்தி எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்குக் குரல் மாறிவிடுவதுண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். அப்போது இருபத்தாறு அத்தியாயங்கள் முடிந்து ஐயாவின் கைக்குப் போயிருந்தன. எஞ்சிய பதினான்கையும் ஜூனுக்குள் முடித்துவிட வேண்டும், இதே குரலில். இதை எங்களுக்குள் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளவில்லை. வாசிப்பவர் மட்டும், “மேயில லீவு போட்டுடறேன்” என்றார்.

மே மாதத்து மொட்டை மாடி அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஓசை புகாதிருக்கச் சன்னலையும் அடைத்துவிட்டு உட்கார்ந்தால் இரவு பத்து மணிக்கும் 36 டிகிரி இருக்கும். ரேடியேட்டர் ஓர் எளிய விதிக்குக் கட்டுப்பட்டது. சுற்றியுள்ள காற்று எந்த வெப்பநிலையில் இருக்கிறதோ அதற்குக் கீழே அது நீரைக் கொண்டுபோக முடியாது. அந்த நிலையை எட்டுவதே அபூர்வம். அறை 36 என்றால் நீர் 44. செயலியோ தாங்க முடியாத சூட்டை எட்டும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் தன்மையுடையது. தற்காப்புதான், தவறில்லை. ஆனால் அது தூங்கி விழும் ஒவ்வொரு கணத்திலும் ஒலிப்பதிவில் ஒரு சிறு அறுபடல் விழுந்தது. நல்ல வாக்கியத்தின் நடுவில் ஒரு அசை காணாமல் போகும். வாசிப்பவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

குளிர்சாதனம் வைப்பதற்குப் பணமும் இல்லை, அதன் இரைச்சலுக்கு இடமும் இல்லை.

*

பெல்டியர் தகடு என்ற ஒன்றைப் பற்றி எங்கள் மேற்பார்வையாளர் சொன்னது அப்போதுதான். காருக்குள் வைக்கும் சிறு குளிர்பெட்டிகளிலும், மேசைமேல் வைக்கும் தண்ணீர் இயந்திரங்கள் சிலவற்றிலும் இருப்பது. 40 மில்லிமீட்டர் சதுரம், பிஸ்கட்டைவிடச் சற்றுத் தடிப்பு, இரண்டு கம்பிகள். மின்சாரம் கொடுத்தால் ஒரு முகம் குளிரும், மறு முகம் சுடும். கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் முகங்கள் இடம் மாறும். உள்ளே அசையும் உறுப்பு ஒன்றும் இல்லை. எனவே ஓசையும் இல்லை. இந்தக் கடைசிச் செய்திதான் எங்களைக் கவிழ்த்தது.

இதன் பூர்வகதை இலக்கிய வாசகர்களுக்கும் சுவையாக இருக்கும் என்பதால் சற்று விலகிச் சொல்கிறோம். கதேயின் நிறக்கோட்பாட்டு ஆய்வுகளில் அவருக்குத் துணைநின்ற தாமஸ் சீபெக் என்ற அறிவியலாளர், 1821இல் இருவேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு சந்திப்பைச் சூடாக்கியபோது, அருகிலிருந்த காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். வெப்பம் காந்தத்தை உண்டாக்குகிறது என்று நினைத்தார். உண்மையில் வெப்பம் மின்னோட்டத்தை உண்டாக்கியிருந்தது, ஊசியைத் திருப்பியது அந்த மின்னோட்டம். தாம் கண்டுபிடித்தது என்னவென்பதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாத கண்டுபிடிப்பாளர் அவர். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1834இல், இதன் மறுதலையைக் கண்டவர் ழான் பெல்டியர். பிரெஞ்சுக்காரர், கடிகாரம் செய்பவராக இருந்து, கைக்கு வந்த குடும்பச் சொத்தின் துணையால் முப்பது வயதளவில் தொழிலை விட்டு அறிவியலுக்கு வந்தவர். பிஸ்மத்தும் ஆண்டிமனியும் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் அவ்விடம் ஒரு திசையில் சூடாகிறது, மறு திசையில் குளிர்கிறது. அவருக்கும் தாம் கண்டதன் பொருள் முழுதாகப் பிடிபடவில்லை. அதை ஐயத்துக்கிடமின்றி நிறுவியவர் ரஷ்யாவில் பணிபுரிந்த லென்ஸ், 1838இல். அந்தச் சந்திப்பில் சிறு குழி செய்து ஒரு துளி நீரை வைத்தார். மின்சாரத்தை ஒரு திசையில் செலுத்தினார். துளி உறைந்தது. திசையை மாற்றினார். உருகியது.

மின்னணுக்கள் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் ஏறும்போது அவற்றுக்குக் கூடுதல் ஆற்றல் வேண்டியிருக்கிறது. அதை ஏறும் இடத்திலிருந்தே வெப்பமாக எடுத்துக்கொள்கின்றன. இறங்கும் இடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. படிக்கட்டில் சுமை ஏற்றும் கூலிக்காரர்களைப் போல. வெறும் உலோகங்களில் இந்த விளைவு அற்பம். 1950களில் லெனின்கிராடில் இயோஃபேயின் குழுவினரும் இங்கிலாந்தில் கோல்ட்ஸ்மிட் போன்றவர்களும் குறைகடத்திகளைக் கையாண்ட பிறகே இது பயனுக்கு வந்தது. ரிச்சி தெருவில் நாங்கள் வாங்கிய தகட்டில் பிஸ்மத் டெல்லுரைடு என்ற சேர்மத்தாலான துணுக்குகள் 127 இணைகளாக இரு வெண்பீங்கான் தகடுகளுக்கிடையே நிற்கின்றன. லென்ஸின் துளியை இருநூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு தூண்கள் தாங்கி நிற்பதாக எண்ணிக்கொள்ளலாம்.

இலவசமாக எதுவும் கிடைக்காது என்பதை மட்டும் முன்பே அறிந்திருந்தோம். தகடு குளிரை உண்டாக்குவதில்லை, வெப்பத்தை இடம் மாற்றுகிறது. மாற்றுவதற்குத் தானும் அறுபது வாட் அளவுக்குத் தின்கிறது. ஆகச் சூடான முகத்தில், எடுத்துவந்த வெப்பமும் தின்ற மின்சாரமும் சேர்ந்து வந்து விழும். அதை உடனுக்குடன் அகற்றாவிட்டால் தகடு தன் சூட்டிலேயே தான் மாண்டுபோகும். இரண்டு தகடுகள் வாங்கினோம். புதிதாகக் குடைந்த செப்புக்கட்டி ஒன்றின் இருபுறமும் அவற்றை ஒட்டி, வெளிமுகங்களில் பெரிய அலுமினிய ஹீட் சிங்குகளை இறுக்கி, அவற்றுக்கு இரைச்சல் மிகுந்த விசிறிகளைப் பூட்டி, அந்தப் பொதி முழுவதையும் சன்னலுக்கு வெளியே மொட்டை மாடியில் வைத்தோம். குழாய்கள் மட்டும் சன்னல் சட்டத்தில் துளையிட்டு உள்ளே வந்தன. இரைச்சலை ஒழிக்கப் புறப்பட்டவர்கள், இன்னும் பெரிய இரைச்சலைச் செய்து வெளியே உட்காரவைத்தோம். பக்கத்து மாடியில் வடகம் காயவைக்க வந்த அம்மாள் இது என்ன என்று கேட்டார். கணினிக்கு ஃபிரிட்ஜ் என்றோம். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

முதலில் ஒன்றும் பயனில்லை. இரண்டு நாள் குழம்பிய பிறகே காரணம் விளங்கிற்று. நீர் அறையைவிடக் குளிர்ந்த கணமே ரேடியேட்டர் கட்சி மாறிவிடுகிறது. அதுவரை நீரின் வெப்பத்தை அறைக்குக் கொடுத்தது, இப்போது அறையின் வெப்பத்தை நீருக்குக் கொடுக்கத் தொடங்குகிறது. நாங்கள் இந்தப் பக்கம் இறைத்ததை அது அந்தப் பக்கம் ஊற்றிக்கொண்டிருந்தது. எனவே குழாயில் ஒரு வால்வு வைத்து, ஒலிப்பதிவின்போது ரேடியேட்டரை விலக்கிவிட்டோம். பதிவு செய்யும்போது செயலிக்கு வேலை குறைவு, தகடுகளே சமாளிக்கும். பிறகு ஒலியைத் திருத்தும் கனமான வேலை நடக்கையில் வால்வைத் திறந்து ரேடியேட்டரையும் சேர்த்துக்கொள்வோம்.

மே மூன்றாம் வாரத்தில், அறை 36 டிகிரியில் தகித்துக்கொண்டிருக்க, மீன் தொட்டி வெப்பமானி 25 காட்டியது. அறுபடல் நின்றது. ஒரே இரவில் இரண்டு அத்தியாயங்கள் முடிந்தன.

*

எண்களுக்கு ஒரு போதை உண்டு. 25ஐக் கண்டபின் 22ஐக் காண ஆசை வந்தது. ஹீட் சிங்க் விசிறிகளை மாற்றினோம். தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து மறுபடி மெல்லியதாகத் தடவினோம். குழாய்களுக்குக் குளிர்சாதன மெக்கானிக்குகள் பயன்படுத்தும் கறுப்பு நுரை உறையைப் போட்டோம். வாசிப்பு பத்து மணிக்கு என்றால் நீரை எட்டு மணிக்கே குளிர்வித்து வைப்பதற்காகத் தகடுகளையும் பம்பையும் கணினியிலிருந்து பிரித்துத் தனி மின்வழங்கி ஒன்றில் இணைத்தோம். அதற்கென்று தனி ஸ்விட்ச். ஒலிப்பதிவுக்கு 30 டிகிரியே தாராளம் என்பது மூவருக்கும் தெரியும். ஆயினும் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் முதலில் சொன்னது இன்று எத்தனை அத்தியாயம் என்பதையன்று, இன்று எத்தனை டிகிரி என்பதையே.

நாங்கள் இருந்த தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. இன்று விவேகானந்தர் இல்லம். 1842இல், பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்துக் கப்பலில் கொண்டுவந்து சென்னையில் சேமிக்கக் கட்டிய கட்டடம். அதை நடத்தியவர் ஃபிரெடரிக் டியூடர் என்ற வணிகர். இரவு வாசிப்பு முடிந்து கடற்கரைக்கு நடந்துவிட்டு அதன் வழியாகத் திரும்புகையில், நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே பேட்டையில் குளிரை மறுபடி இறக்குமதி செய்துவிட்டதாக எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் முப்பத்தாறாம் அத்தியாயம் முடிந்தது. இருபத்தேழிலிருந்து முப்பத்தாறு வரை பத்து அத்தியாயங்கள், திருத்தப்படாத நிலையில், கணினியின் வன்தட்டில் இருந்தன. அறுவைக்கு முன் வாசித்து முடிப்பதே முக்கியம், திருத்துவதும் தட்டில் எழுதுவதும் பிறகு ஆகட்டும் என்று விட்டிருந்தோம். பிரதி எடுக்கவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்குக் கணினியை அணைத்தோம். தகடுகளின் ஸ்விட்சை மற்றவர் அணைப்பார் என்று மூவரும் நினைத்தோம். செயலி வெப்பம் தருவது நின்றுவிட்டது. தகடுகளோ தம் வேலையைச் செய்துகொண்டே இருந்தன. பம்ப் அந்த நீரை இரவு முழுவதும் செப்புக்கட்டிக்குக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தது.

ஞாயிறு முற்பகல் பதினொரு மணிக்கு அறையைத் திறந்தோம். வெப்பமானி 14 காட்டியது. நாங்கள் மகிழ்ந்தோம். அதை மறைத்து எழுத முடியாது. ஒருவர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஜூன் மாதத்துச் சென்னையில் 14! அந்த மகிழ்ச்சியில், ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று கணினியின் பொத்தானை அழுத்தினோம். குழாயின் நுரை உறை நனைந்து கனத்துத் தொங்குவதையும், பெட்டிக்குக் கீழே பாய் ஈரமாக இருப்பதையும் பார்த்தது அதற்கு அடுத்த நொடியில். சிறு ‘டிக்’ ஓசை ஒன்று. பிறகு கருகும் நாற்றம்.

நீர் எங்கிருந்தும் ஒழுகவில்லை. இணைப்புகள் எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. அது காற்றிலிருந்து வந்த நீர். குளிர்ந்த சோடாப் புட்டி மேசைமேல் வளையம் போடுவதை அறியாதவர் யார்? அதேதான். செப்புக்கட்டி வியர்த்து அடியிலிருந்த தாய்ப்பலகையில் இறங்கியிருந்தது. நுரை உறையின் விளிம்புக்குள் காற்று நுழைந்து, உள்ளேயே நீராகி, குழாயின் தாழ்ந்த வளைவு வழியாகத் துளித்துளியாக வன்தட்டின் சுற்றுப்பலகை மேல் விழுந்திருந்தது.

பிறகுதான் கணக்கிட்டோம். வேலை முடிந்தபின் கணக்குப் பார்ப்பது எங்கள் பரம்பரை வழக்கம். பள்ளி ஆய்வகத்தில் செய்வதுபோல் இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, மொட்டை மாடியில் தொங்கவிட்டோம். இரவில் உலர்குமிழ் 31, ஈரக்குமிழ் 27.5. அட்டவணைப்படி அந்தக் காற்றின் பனிநிலை 26 டிகிரிக்குச் சற்று மேல். அதாவது அந்தக் காற்றைத் தொடும் எந்தப் பரப்பும் 26க்குக் கீழே போனால் அதன்மேல் நீர் படியும். மே மாதத்தில் 25ஐக் கண்டு குதித்தபோதே நாங்கள் எல்லையைத் தாண்டிவிட்டிருந்தோம். அப்போது சன்னப் படலமாகப் படிந்த ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறோம். நாங்கள் பின்பற்றிய செய்முறைக் குறிப்புகள் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டின் வறண்ட காற்றில் பனிநிலை ஐந்து டிகிரியளவில் இருக்கும். அறையைவிடப் பதினைந்து டிகிரி கீழே போனாலும் அங்கே ஒரு துளி தோன்றாது. கடலோர ஊரின் இரவில் அந்த இடைவெளி வெறும் ஐந்து டிகிரி. மண்பானை இங்கே கோடையில்கூட முழு மனத்தோடு குளிர்வதில்லை, காற்றில் நீருக்கு மேலும் இடமில்லை என்பதால். நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரிந்த இந்தச் செய்தியை வைத்தே நாங்கள் எச்சரிக்கை அடைந்திருக்கலாம். பானை வியர்ப்பது உள்ளிருந்து வெளியே. எங்கள் செம்பு வியர்த்தது வெளியிலிருந்து. திசை வேறு, காற்று ஒன்றுதான்.

வன்தட்டை மீட்டெடுக்க ஓரிடத்தில் கொடுத்தோம். மூன்று வாரம் வைத்திருந்து, இயலவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

*

அறுவைக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. வேறு கணினிக்குப் பணமில்லை. வாசிப்பவரின் மாமனார் வீட்டிலிருந்து பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று வந்தது. டேப் ரெக்கார்டருக்கு விசிறி கிடையாது. அது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று யாரும் கேட்க வேண்டாம். வீட்டார் கேட்டாயிற்று. வாசிப்பவர் அந்த ஒன்பது நாளில், அலுவலகம் போய்வந்த களைப்போடும் அடிக்கடி தண்ணீர் குடித்துக்கொண்டும், மூன்று அத்தியாயங்களை வாசித்தார். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. ஏற்கெனவே ஒருமுறை நன்றாக வாசித்ததை மறுபடி வாசிப்பது எளிதன்று என்றார். முதன்முறை எங்கே தானாகக் குரல் தழுதழுத்ததோ, அங்கே இப்போது தழுதழுக்கச் செய்ய வேண்டியிருக்கிறது என்றார்.

அறுவை நல்லபடி முடிந்தது. கட்டி தீயதல்ல என்று வந்த செய்திக்காக இன்றும் நன்றி சொல்லிக்கொள்கிறோம். குரல் மட்டும் திரும்பவில்லை. முதல் இரண்டு மாதங்கள் காற்றுதான் வந்தது. பயிற்சிக்குப் பிறகு ஒரு குரல் வந்தது, கரகரத்தது, மேல்ஸ்தாயி இல்லாதது, நீண்ட வாக்கியத்தின் இறுதிக்குள் மூச்சு தீர்ந்துவிடுவது. மற்ற இருவரில் ஒருவர் வாசித்துவிடலாம் என்றோம். அவர் சம்மதிக்கவில்லை. முப்பதாம் அத்தியாயத்திலிருந்து நாற்பதுவரை, 2007 டிசம்பரில் தொடங்கி அடுத்த பிப்ரவரிவரை, அதே அறையில், அதே டேப் ரெக்கார்டரில் வாசித்து முடித்தார். மார்கழிக் காற்றில் கடல் ஒலி கூடுதலாகவே பதிந்திருக்கிறது.

அறுவை நடந்தது ஐயாவுக்குத் தெரியும். குரல் போனதை நாங்கள் சொல்லவில்லை. அந்த மாதங்களில் ஞாயிறு சந்திப்புக்குப் போகும்போது வாசிப்பவர் மட்டும் ஏதேனும் காரணம் சொல்லித் தவிர்த்துவந்தார். கடைசி ஒலிநாடாக்களைக் கொடுத்த இரண்டு வாரம் கழித்து மூவருமாகப் போனோம். நாவல் முடிந்ததைப் பற்றி ஐயா நெடுநேரம் பேசினார். பிறகு,

“முப்பதாம் அத்தியாயத்துலேருந்து வேற யாரோ படிக்கிறாரேப்பா. யாரு அவரு? பெரியவர் போல இருக்கு” என்றார்.

யாரும் பேசவில்லை.

“நான்தான் ஐயா” என்றார் வாசித்தவர்.

ஐயா முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினார். சற்று நேரம் அப்படியே இருந்தார். அலமாரியில் இரண்டாம் தட்டு, இடமிருந்து நான்காவது புத்தகம் என்று சொல்லி எடுக்கச் சொன்னார். அது சரியாகவே இருந்தது.

“எங்கேருந்தாவது படி. எனக்குக் குரல் பழகட்டும்.”

வாசிப்பவர் புத்தகத்தைத் திறந்தார். ஃபேனை நிறுத்தட்டுமா ஐயா என்று நாங்கள் எழுந்தோம்.

“ஓடட்டும்ப்பா, வேர்க்குது” என்றார் ஐயா.